அந்தக் கையால் செதுக்கிய கரண்டி

ஜூன் 3

கரண்டிக்காரிக்கு,

இங்கே நானும் சுண்டுவும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. மற்றபடி வீட்டில் நடப்பது போர்.

போன வாரம் அவள் கட்டிலுக்கு அடியில் போன பந்தை எடுக்கக் குனிந்தேன். அங்கே மரச்சீவல், இரண்டு கையால் அள்ளுகிற அளவுக்கு. தலையணை உறைக்குள் கை விட்டுப் பார்த்தால், நீ தோலில் சுற்றிப் பரணில் விட்டுப்போன இரண்டு கத்திகள். நேர்கத்தியும் இருக்கிறது, கொக்கி மாதிரி வளைந்த அந்தப் பாழாய்ப்போன வளைகத்தியும் இருக்கிறது. நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறாள். எட்டு வயசு.

பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். அவள் அழவில்லை. "அது உன்னோடது இல்ல. அம்மாவோடது. அம்மாகிட்ட கேட்டியா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

எனவே கேட்கிறேன். நீ அவளுக்கு நாலே வரி எழுது. கத்தியைத் தொடாதே, அப்பா சொல்வதைக் கேள், அவ்வளவு. உருக்கமெல்லாம் வேண்டாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வளைகத்தியைத் தரையில் வைத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனவள் நீ. அந்தப் பிஞ்சுக் கட்டைவிரலில் தையல் போட்டபோது அவளைத் திமிறவிடாமல் பிடித்துக்கொண்டவன் நான். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதிலைத் தபாலில் அனுப்பு. அச்சகத்துக்கு போன் பண்ணாதே. போனில் நாம் பேசினால் என்ன ஆகும் என்பது அச்சுக்கோக்கிறவர் வரைக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பிழைதிருத்தி

பி.கு.: அவள் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அட்டையில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்தது. நடுவில் க் வேண்டாம்.

ஜூன் 9

பிழைதிருத்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பட்டறைக்கே வந்தது. படித்துவிட்டு உளியும் கத்தியும் எடுக்க முடியவில்லை. எடுத்ததில் இரண்டு கரண்டி கழுத்தோடு ஒடிந்தது. மேஸ்திரி என்னைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

நீங்கள் கேட்ட நாலு வரியை நான் எழுத மாட்டேன். கோபப்படாமல் முழுசாகப் படியுங்கள்.

நான் வேண்டாம் என்று எழுதினால் அவள் விட்டுவிடுவாளா? உங்கள் மகள் அவள். சமையலறைக் கத்தியை எடுப்பாள். அது மொட்டை. மொட்டைக் கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தினால் வழுக்கும். கூர் உள்ள கத்தி சொன்ன பேச்சைக் கேட்கும். செதுக்கத்தான் போகிறாள் என்றால் நல்ல கத்தியில், உங்கள் கண் எதிரில் செதுக்கட்டும்.

அன்றைக்குக் கத்தியைத் தரையில் வைத்தது என் தப்பு. அஞ்சு வருஷமாக ஒத்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள்தான் ரசீது கொடுப்பதாக இல்லை. அந்த வீட்டை விட்டு வந்தது கரண்டி செதுக்குகிற ஆசையால் என்று உங்கள் ஆட்கள் பேசினார்கள். கண்ணைத் திறந்தால் நீங்கள் அந்தக் கட்டுப் போட்ட கையைக் காட்டிக் காட்டிப் பேசினீர்கள். அதனால்தான் வந்தேன்.

இத்தனை நாளில் அவள் என்னிடம் கேட்கச் சொன்னது இது ஒன்றுதான். முதல் தடவையாகக் கேட்டதற்கு நான் வேண்டாம் என்று சொன்னால், அப்புறம் எதற்குக் கேட்பாள்? எனக்கு மகள் என்று மிச்சம் இருப்பது இந்த ஒரு நூல்தான். அதையும் என் கையாலேயே அறுக்கச் சொல்கிறீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். வளைகத்தி இப்போதைக்குப் பூட்டியே இருக்கட்டும். நேர்கத்தியை மட்டும் கொடுங்கள். எழுதுகிற கையில் கத்தி, மற்ற கையில் கட்டை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பழத்தோல் சீவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். கத்தி போகிற வழியில் விரல் இருக்கக் கூடாது. அவளை உங்கள் வலப்பக்கம் உட்கார வையுங்கள். அப்போது கத்தி பிடித்த கை வெளிப்பக்கம் போய்விடும், உங்கள் மேல் இடிக்காது.

சம்மதம் என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள், போதும்.

கரண்டிக்காரி

ஜூன் 16

கரண்டிக்காரிக்கு,

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. 'அம்மா சரின்னு சொன்னா' என்று மட்டும் சொன்னேன். சொன்ன மறுநிமிடம் பேச்சு திரும்பி வந்துவிட்டது. எனக்கு அது சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

சம்மதம். ஆனால் என் நிபந்தனையைக் கேட்டுக்கொள். ஒரு சொட்டு ரத்தம் வந்தால், இரண்டு கத்தியும் குப்பைக்குப் போகும். கடிதப் போக்குவரத்தும் அத்தோடு சரி. அதற்கப்புறம் நீ இந்தப் பக்கம் வரவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். இதில் பேரம் கிடையாது. அந்தக் காயத்தோடு அவளிடம் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தைத் திருத்தவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இன்னொரு காயத்தைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று கொல்லைப் படிக்கட்டில் ஆரம்பித்தோம். நீ சொன்ன மாதிரியே என் வலப்பக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கத்தி கட்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. குத்துகிறாள், கிள்ளுகிறாள், பொடிப்பொடியாக உதிர்க்கிறாள். இடையில் இரண்டு தடவை என் உயிர் போய் உயிர் வந்தது. கை வராத பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறாள். அது உன் பிடிவாதம், என்னுடையது இல்லை.

பிழைதிருத்தி

ஜூன் 24

பிழைதிருத்தி அவர்களுக்கு,

சம்மதம் என்ற சொல்லை மேஸ்திரியிடம் காட்டினேன். 'சண்டை போடுற மாதிரி சம்மதம் சொல்றார்' என்று சிரித்தார்.

உங்கள் நிபந்தனையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பட்டறையில் யாருக்கும் சின்னக் கீறல் விழாத வாரம் கிடையாது. அதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். அவள் விரலில் ஒரு கீறல் விழுந்தால் நான் அவளை மொத்தமாக இழந்துவிடுவேன் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

நீங்கள் எழுதியதில் ஒன்று இடிக்கிறது. கட்டை காய்ந்திருந்தால் பொடியாக உதிரும். ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் கட்டிலுக்கு அடியில் சீவல் அள்ளினீர்களே, அது எப்படி இருந்தது? பொடியா, சுருளா? கத்தி எந்தக் கையில் இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். சும்மா கேட்கிறேன், பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

சாப்பிடுகிறீர்களா? கண்ணாடி மாற்ற வேண்டும் என்றீர்களே, மாற்றினீர்களா?

கரண்டிக்காரி

ஜூலை 4

கரண்டிக்காரிக்கு,

கண்ணாடி மாற்றவில்லை. பழைய கண்ணாடியிலேயே உன் கடிதத்தில் இரண்டு ஒற்றுப்பிழை தெரிகிறது.

எழுதுகிற கையில்தான் பிடிக்கிறாள். சோத்துக்கை. வேறு எந்தக் கையில் பிடிப்பாள்? என்ன கேள்வி இது.

கட்டிலுக்கு அடியில் இருந்தது சுருள். நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன். நீளநீளமாக, காகிதம் மாதிரி மெலிசாக, ஒடியாமல் இருந்தது. இப்போது என் எதிரில் விழுவதெல்லாம் பொடி. கட்டையை ஈரத் துணியில் சுற்றியும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். நேற்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனேன். கத்தியைக் கீழே வை என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் கரண்டிக் காம்பு ஒரு பக்கம் முழுக்க வழவழவென்று இறங்கியிருக்கிறது. மடியில் சுருள். கத்தி கீழேதான் கிடந்தது. "யார் செஞ்சது?" என்றேன். "நான்தான்" என்றாள். "என் முன்னாடி ஏன் இப்படி வரல?" என்றேன். "நீ பாத்தா கை வரலப்பா" என்றாள்.

வெளிப்பக்கம் முடிந்துவிட்டதாம், குழி தோண்ட வளைகத்தி வேண்டுமாம். அலமாரியைத் திறந்து அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். அதன் வளைவில் அன்றைக்கு இருந்த ரத்தத்தை நான்தான் துடைத்தேன். என்ன செய்வது, சொல்.

பிழைதிருத்தி

ஜூலை 12

பிழைதிருத்தி அவர்களுக்கு,

என்ன செய்வது என்று நீங்கள் என்னிடம் கேட்டது கல்யாணமானதிலிருந்து இது இரண்டாவது தடவை. முதல் தடவை, மீசை வைக்கலாமா என்று கேட்டீர்கள்.

அவள் சொன்னது சரிதான். நீங்கள் முறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கே கை வராது. வந்திருக்கிறதா, நினைத்துப் பாருங்கள். நீங்கள் அச்சகத்து மெய்ப்புத் தாளைப் பார்க்கிற மாதிரி அவள் கையைப் பார்க்கிறீர்கள், எங்கே பிழை வரும், எப்போது சிவப்பு மையால் சுழிக்கலாம் என்று.

நீங்களும் ஒரு கட்டையை எடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நேர்கத்தி உங்களுக்கு, வளைகத்தி அவளுக்கு. உங்கள் கண் உங்கள் கட்டையில் இருக்கட்டும். அவளை ஓரக்கண்ணால் பாருங்கள், போதும்.

வளைகத்தியை இப்படிப் பிடிக்கச் சொல்லுங்கள். கரண்டியின் தலை உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும். கத்தி பிடித்த கையின் கட்டைவிரலைக் கரண்டி விளிம்பில் ஊன்றி, கூரை உள்பக்கமாக இழுக்க வேண்டும், ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் எடுக்கிற மாதிரி. தள்ளவே கூடாது. தள்ளினால் எதிரே அவள் விரல்தான் இருக்கும். இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

முடிந்ததும் அந்தக் கரண்டியை எனக்கு அனுப்புங்கள். எப்படி இருந்தாலும் சரி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். கத்தி போன தடம் அப்படியே எனக்கு வேண்டும்.

கரண்டிக்காரி

ஆகஸ்ட் 2

கரண்டிக்காரிக்கு,

இத்துடன் கரண்டி. பழைய மெய்ப்புத் தாளில் சுற்றியிருக்கிறேன், பத்திரமாகப் பிரி. நேற்று முடித்தாள். ரத்தம் வரவில்லை. எழுதும்போதே மரத்தைத் தொட்டுக்கொள்கிறேன்.

நானும் செதுக்குகிறேன். சிரிக்காதே. முதல் கட்டை இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு சுண்டு, "அப்பா, இது சோத்துக் கரண்டியா, ஷூ மாட்டுற கரண்டியா?" என்றாள். தையல்காரம்மா மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். அச்சகத்தில் முதலாளி என் விரல்களைப் பார்த்து, "சார், வீட்ல விறகு உடைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கூர் மரத்துக்குள் ஓடும்போது ஒரு சத்தம் வருகிறதே, சர்ரென்று. அது எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று உன்னிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

நான் குனிந்து என் கட்டையைப் பார்த்தால் அவளுக்கு நன்றாக வருகிறது. நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. அடுத்த கரண்டிக்கு வளைகத்தியோடு ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறோம்.

பிழைதிருத்தி

ஆகஸ்ட் 11, விரைவுத் தபால்

வளைகத்தியை உடனே வாங்கிப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு படியுங்கள்.

பூட்டிவிட்டீர்களா?

கரண்டி சனிக்கிழமை வந்தது. பிரித்ததும் அழுதேன், அது வேறு விஷயம். அன்றைக்கெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் தடத்தைப் பார்த்தேன். காம்பில் இரண்டு பேர் கை இருக்கிறது. ஒன்று தயங்கித் தயங்கிக் குத்தின கை. இன்னொன்று நீளமாக, தைரியமாக இழுத்த கை. இரண்டாவது நீங்களாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஷூ மாட்டுகிற கரண்டி செய்கிறவருக்கு அந்த வெட்டு வராது. தவிர, அந்த நல்ல வெட்டெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குழிக்குள்ளும் அப்படித்தான். இழுத்த வெட்டு இல்லை. எல்லாம் தள்ளிய வெட்டு, ஓரத்தில் கிள்ளிக்கொண்டு முடிகிறது.

சுண்டுவுக்கு இடது கைப் பழக்கம். நீங்கள் பார்க்கும்போது வலது கையில் பிடிக்கிறாள். நீங்கள் குனிந்ததும் கை மாறுகிறது.

நேர்கத்தி எந்தக் கைக்கும் வரும். வளைகத்தி அப்படி இல்லை. அதற்கு ஒரு பக்கம்தான் கூர். என்னுடையது வலது கைக்கு அடித்தது. இடது கையில் பிடித்தால் கூர் வெளியே பார்க்கும், தள்ளித்தான் ஆக வேண்டும். வழுக்கினால் கட்டையைப் பிடித்திருக்கிற விரல்கள்தான் எதிரே. இதுவரைக்கும் தப்பித்தது அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் எழுதுகிறேன். அன்றைக்குக் காயம் பட்டது எந்தக் கட்டைவிரலில்? வலது. அப்படியென்றால் அந்த மூணு வயசுப் பிள்ளை கத்தியை எந்தக் கையில் எடுத்தாள்? யார் தப்பு என்று நாம் இரண்டு பேரும் கத்தினோம். எந்தக் கை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. 'காயத்தோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்' என்று எழுதினீர்களே, அது என்ன பழக்கம்? நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பேச்சை மீறி இன்று காலை அச்சகத்துக்கு போன் பண்ணினேன். நீங்கள் லீவு என்றார் முதலாளி. நீங்கள் லீவே போட மாட்டீர்களே. ஏன் லீவு? சுண்டுவுக்கு என்ன? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வண்டி ஏறிவிடுவேன். வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 12, விரைவுத் தபால்

சுண்டுவுக்கு ஒன்றுமில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. தையல் போட்டது என் கட்டைவிரலில்.

உன் தபால் இன்னும் வரவில்லை. முதலாளிதான் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டம்மா கத்தி கத்தின்னு பதறுறாங்க சார்" என்றார். நீ எதைக் கண்டுபிடித்தாய் என்று தெரியாது. நான் கண்டுபிடித்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொல்லைப் படிக்கட்டு. நீ சொன்ன மாதிரி அவள் என் வலப்பக்கம். நான் குனிந்து என் கரண்டியின் கழுத்தைச் சீவிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் முழங்கை என் முழங்கையில் வந்து இடித்தது. அவள் கத்தி கரண்டி விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வழுக்கியிருக்கிறது. அவள் விரலுக்கும் கூருக்கும் நடுவில் ஒரு நூல்தான் இருந்தது. என் கத்தி என் இடது கட்டைவிரலுக்குள் போய்விட்டது. அவள் வெளிப்பக்கக் கை எப்படி என் மேல் இடிக்கும் என்று திரும்பினேன். வளைகத்தி அவள் இடது கையில் இருந்தது.

என் ரத்தத்தைப் பார்த்து அவள் கத்தவில்லை. அந்தக் கையைக் கத்தியோடு முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். வெறும் வலது கையை என் முன்னால் நீட்டி, "இல்லப்பா, நான் இந்தக் கைலதான் பிடிச்சேன். பாரு, இந்தக் கைதான்" என்றாள்.

இங்கே வீட்டில் இடது கை என்று சொல்வதில்லை. 'அந்தக் கை' என்றுதான் சொல்வோம். அந்தக் கையை எடு, அந்தக் கையை மடியில் வை, அந்தக் கையால் பென்சில் பிடிக்காதே. கட்டுப் போட்டிருந்த நாளில் அந்தக் கையால் சாப்பிட ஆரம்பித்தாள். கட்டுப் பிரித்த பிறகும் விடவில்லை. உன் கத்தி செய்த கோளாறு, சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அதன் மேல் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அது ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் எனக்கு உன் மேல் கோபம் வரும். கோபத்தை அவளிடம் காட்டினேன்.

கூரான கத்தியைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை, ரத்தத்தைப் பார்த்தும் பயமில்லை. என்னைப் பார்த்துப் பயந்தாள். எனக்கு அந்த வெட்டு வலிக்கவே இல்லை, இதுதான் வலித்தது.

"கத்தியைக் கீழ வச்சிடு கண்ணு, அப்பா ஒண்ணும் சொல்லல" என்றேன். வைத்துவிட்டு ஓடிப்போய்த் துணி கொண்டுவந்தாள். அந்தக் கையாலேயே சுற்றிக் கட்டினாள். என்ன வேகம், என்ன நேர்த்தி. நான் இவ்வளவு நாள் பார்த்தது வேறு யாரோ ஒரு பிள்ளையை. தையல்காரம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? இங்க வந்தா கத்தரி அந்தக் கையிலதான். அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சும்" என்றார்.

ஒரு சொட்டு ரத்தம் வந்தால் என்று உனக்கு நிபந்தனை போட்டேன். யாருடைய ரத்தம் என்று எழுதவில்லை. ஊரார் வாக்கியத்தையெல்லாம் திருத்துகிறவன் சொந்த வாக்கியத்தில் அதை விட்டுவிட்டேன். எழுதியபடி பார்த்தால் கத்தி இப்போது குப்பையில் இருக்க வேண்டும், இந்தக் கடிதமும் இருக்கக் கூடாது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். நீயும் அடித்துக்கொள்.

பிழைதிருத்தி

ஆகஸ்ட் 19

பிழைதிருத்தி அவர்களுக்கு,

வெறும் கையை நீட்டிக் காட்டினாள் என்ற இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

உங்கள் கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். கோபத்தில் இருக்கிறேன். அந்தக் கையின் மேல் உட்காரச் சொன்னீர்கள். என் மேல் இருந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் கையில் கட்டினீர்கள். இந்தக் கோபத்தை முழுசாக எழுதி அனுப்பினால் உறைக்குத் தபால்தலை ஒட்டி மாளாது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன். மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

என் மேலும் கோபம்தான். வலப்பக்கம் உட்கார வையுங்கள் என்று சொன்னது நான். எழுதுகிற கையில் கத்தி என்று எழுதியதும் நான். அவள் எந்தக் கையால் எழுதப் பிறந்தாள் என்று பெற்றவளுக்கே தெரியாமல் போயிற்று.

இங்கே பட்டறைக் கொல்லரிடம் சொல்லிப் புதிதாக ஒரு வளைகத்தி அடித்து வாங்கியிருக்கிறேன். வளைவை மாற்றிப் போட்டது, இடது கைக்கு. பிடியை நானே செதுக்கினேன், சின்ன உள்ளங்கைக்குத் தகுந்த மாதிரி. அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். அதுவரைக்கும் நேர்கத்தி மட்டும். எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அவளிடம் நீங்கள் சொல்லாதீர்கள். அவளே எடுக்கட்டும்.

உங்கள் இடப்பக்கம் உட்கார வையுங்கள்.

கரண்டிக்காரி

ஆகஸ்ட் 26

கரண்டிக்காரிக்கு,

தையல் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது.

உன் அவசரத் தபாலைப் படித்த அன்று சுண்டுவின் வலது கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். அஞ்சு வருஷமாக நான் பார்க்கிற தழும்பு. கத்தி எந்தக் கையில் இருந்திருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. "என்னப்பா பாக்குற?" என்றாள். அவளிடம் சொன்னேன், எல்லாவற்றையும். தரையில் கத்தி இருந்தது, அம்மா பாலை இறக்கப் போனாள், நீ இந்தக் கையால் எடுத்தாய், இது காயத்தால் வந்த கை இல்லை, நீ பிறந்தபோதே இப்படித்தான், அப்பாவுக்குத்தான் தெரியவில்லை என்று. கொஞ்ச நேரம் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ அம்மா இதுக்குத்தான் போனாளா?" என்றாள். "இல்ல, அப்பா பேசுன பேச்சுக்குப் போனா" என்றேன்.

இப்போதும் சாப்பிடும்போது அந்தக் கை பாதி வரைக்கும் வந்து நிற்கிறது. என் முகத்தைப் பார்க்கிறது. நான் வேறு எங்காவது பார்க்கிறேன். பார்க்காமல் இருப்பதும் தப்பு என்று இப்போது புரிகிறது. நேராகப் பார்த்துச் சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரத்தில் வருகிற பழக்கம் இல்லை.

அந்தக் கத்தியைத் தபாலில் அனுப்பாதே. கூரான பொருளை வாங்க மாட்டார்களாம். தபால் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் போய்க் கேட்டேன். 'ஆள் கையில கொடுத்து அனுப்புங்க சார்' என்றார்கள். ஆள் என்று எழுதிவிட்டு யார் என்று எழுதாமல் விட்டால் மறுபடியும் அதே பிழை. எனவே எழுதுகிறேன். நீ.

எத்தனை நாள் இருப்பாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கோபத்தையும் கையோடு கொண்டு வா, தபால்தலை மிச்சம்.

கீழே இருப்பது சுண்டு எழுதியது. நான் அதில் கை வைக்கவில்லை.

பிழைதிருத்தி

அம்மா எனக்கு வேர கத்தி வருதாமே. சீக்ரம் கொண்டு வா. உன் கரண்டி மாதரி ஒன்னு செஞ்சு வச்சிருக்கேன் ஒரு பக்கம் ஒடஞ்சிடுச்சு. அப்பா ஒடச்சது இல்ல நான் தான். இத நான் அந்தக் கையால எழுதுரேன். அப்பா பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டே இருக்காரு. ஒன்னும் சொல்லல.